குழந்தையின் முதுகில் ஊசி, பக்கத்தில் ஸ்கேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. அறுவை அரங்கில் இல்லாத நேரத்தில் குழந்தைகள் வார்டிலிருந்து அழைப்பு வரும். "முதுகில் நீர் எடுக்கணும், வர மாட்டேங்குது, ஸ்கேன் மெஷினோட வர்றீங்களா?" என்பார்கள். போனால், கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கையில் வைத்தபடி அப்பா நிற்பார். பாட்டி ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "பச்ச உடம்புய்யா. முதுகுல குத்தினா கால் விளங்காமப் போயிடும்." அந்த அப்பாக்களுக்கும் பாட்டிகளுக்கும் அவசரத்தில் நின்றபடி சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

குழந்தையின் முதுகில் ஊசி எதற்கு?

மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க. மூளைக்காய்ச்சல் இருக்கிறதா, எந்தக் கிருமி என்று உறுதியாகச் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை. இரண்டாவது, அந்த நீருக்குள் மருந்து செலுத்த. ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தைகளுக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்து இப்படித்தான் போகிறது. மூன்றாவது, அறுவை சிகிச்சைக்காக இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்ய.

1891இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் குவின்க்கே என்ற மருத்துவர் முதுகில் நீர் எடுக்கும் முறையை முறைப்படி விவரித்தார். ஊசியும் இடமும் ஏறக்குறைய அன்றைக்கு இருந்தவைதான். உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது என்பதுதான் இப்போது புதிது.

கால் விளங்காமல் போய்விடுமா?

இந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. தண்டுவடத்தில் ஊசி பட்டால் ஆபத்து என்று பாட்டி சொல்வது சரிதான். ஆனால் நாங்கள் ஊசி போடும் இடத்தில் தண்டுவடம் இல்லை.

தண்டுவடம் முதுகெலும்பின் கடைசி வரை வருவதில்லை. இடுப்புப் பகுதியில் 5 எலும்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் 2ஆவது எலும்பை ஒட்டியே தண்டுவடம் முடிந்துவிடும், சில குழந்தைகளுக்கு 3ஆவதின் மேல்விளிம்பு வரை வரும். ஊசி போடுவது 3க்கும் 4க்கும் நடுவில், அல்லது 4க்கும் 5க்கும் நடுவில். அங்கே இருப்பவை நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டும். குடத்துத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டிருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். குச்சியை உள்ளே விட்டால் வேர்கள் விலகி வழிவிடும்.

சரி, 3ஆவது எலும்பு எது என்று எப்படித் தெரியும்? இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தொட்டு, நடுவில் ஒரு கோடு கற்பனை செய்து, அதிலிருந்து எண்ணுவோம். பெரும்பாலும் இது போதும். ஆனால் விரல் ஏமாறும். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மயக்க மருத்துவர்கள் பெரியவர்களின் முதுகில் விரலால் தொட்டுச் சொன்ன இடத்தை எம்ஆர்ஐ எடுத்துச் சரிபார்த்தார்கள். 29 சதவீதம்தான் சரியாக இருந்தது. கொழுகொழு என்றிருக்கும் கைக்குழந்தையின் முதுகில் எலும்பு முனைகளைத் தொட்டறிவது இன்னும் கடினம். ஸ்கேன் உதவிக்கு வருவது இங்கேதான்.

ஸ்கேனில் அப்படி என்ன தெரியும்?

வயிற்றுக்கு எடுக்கும் அதே அல்ட்ராசவுண்ட்தான். ஆனால் தோல்மேல் வைத்துப் பார்க்கும் கருவி, அதாவது புரோப், சிறியது. தட்டையான முகம் கொண்டது, ஒலியின் அதிர்வெண் அதிகம். குழந்தையின் முதுகில் நீளவாக்கில் வைத்தால், 2 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் எல்லாம் தெரிந்துவிடும்.

முதன்முதலில் பார்க்கும் யாரும் சற்று வாயடைத்துப் போவார்கள். திரையில் மேலே தோல், அதன் கீழே தசை. அதற்கும் கீழே கறுப்பாக ஒரு பட்டை தெரியும். அந்தக் கறுப்புதான் நீர். அதன் நடுவே சாம்பல் நிறக் குழாய் போல இருப்பது தண்டுவடம். அதற்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கரை, நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. புரோப்பை மெதுவாகக் கீழே நகர்த்தினால் அந்தக் குழாய் ஒடுங்கி, கேரட்டின் நுனி போல முடியும். அதற்குக் கீழே வெள்ளை நூல்கள் மட்டும். குழந்தையின் இதயம் துடிக்கும்போது அந்த நூல்களும் லேசாகத் துடிக்கும். எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது, இன்னும் அந்தத் துடிப்பைப் பார்க்கும்போது ஒரு நொடி நின்றுவிடுகிறேன்.

அந்தக் கேரட் நுனி எங்கே முடிகிறது என்று பார்த்துத் தோலில் பேனாவால் ஒரு கோடு போடுவேன். அந்தக் கோட்டுக்கு மேலே யாரும் ஊசியைக் கொண்டுபோகக் கூடாது. அப்புறம் எந்த இடைவெளியில் நீர் அதிகம், தோலிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று அளந்துகொள்வேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு ஏன் இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை?

எலும்புக்குள் ஒலி போகாது. கைக்குழந்தைகளுக்கு முதுகெலும்பின் பின்பக்க வளைவு இன்னும் குருத்தெலும்பாகவே இருப்பதால் ஒலி உள்ளே நுழைந்துவிடும். முதல் 3, 4 மாதங்களில் படம் அருமையாக வரும். 6 மாதத்துக்குப் பிறகு எலும்பு இறுகி, அந்த ஜன்னல் மெல்ல மூடிக்கொள்கிறது. பெரிய குழந்தைகளுக்கு எலும்புகளின் இடைவெளி வழியாகக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்டுவடத்தை அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. ஆனால் இடைவெளி எங்கே, ஆழம் எவ்வளவு என்பது தெரியும். அதுவே பெரிய உதவி.

ஸ்கேனைப் பார்த்துக்கொண்டேதான் ஊசி போடுவீர்களா?

இரண்டு விதம் உண்டு. முதலில் பார்த்து, தோலில் குறியிட்டு, புரோப்பை எடுத்துவிட்டு ஊசி போடுவது ஒன்று. ஊசி நுனி உள்ளே போவதைத் திரையில் பார்த்துக்கொண்டே போடுவது இன்னொன்று. முதல் முறையே அதிகம் நடக்கிறது, எளிதும்கூட. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குழந்தையின் தோல் நழுவும். குறியிட்ட பிறகு குழந்தை நெளிந்தாலோ, காலை நீட்டினாலோ குறி இடம் மாறிவிடும். அதனால் எந்த நிலையில் பிடித்துக் குறியிட்டோமோ, அதே நிலையில் ஊசி முடியும்வரை பிடித்திருக்க வேண்டும்.

பிடித்துக்கொள்ளும் சிஸ்டரைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். முதுகில் நீர் எடுப்பதில் பாதி வேலை அவருடையது. இடுப்பை நன்றாக மடக்க வேண்டும், அப்போதுதான் எலும்புகளின் இடைவெளி விரியும். கழுத்தை மடக்கக் கூடாது, மடக்கினால் சின்னக் குழந்தைக்கு மூச்சு முட்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யத் தெரிந்த சிஸ்டர் இருந்தால் எனக்குக் கவலையே இல்லை.

ஸ்கேன் இருந்தால் ஒரே குத்தில் கிடைத்துவிடுமா?

அப்படி உறுதி கொடுக்க முடியாது. 2017இல் அமெரிக்காவில், 6 மாதத்துக்குட்பட்ட 128 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. விரலால் மட்டும் தொட்டுப் போட்டபோது முதல் முயற்சியில் 31 சதவீதம் பேருக்கு நீர் கிடைத்தது. ஸ்கேன் பார்த்துக் குறியிட்டுப் போட்டபோது 58 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் வேறு சில ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஸ்கேன் பார்க்கத் தெரிந்த கை வேண்டும், ஊசி போடத் தெரிந்த கையும் வேண்டும். இரண்டில் ஒன்று பழக்கமில்லாததாக இருந்தால் பயன் குறையும் என்பது என் எண்ணம். விரலாலேயே நாள்தோறும் சரியாக எடுக்கும் மூத்த மருத்துவருக்கு ஸ்கேன் பெரிதாக எதையும் கூட்டித் தராது. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கும், முதுகு வளைந்த குழந்தைக்கும், ஏற்கெனவே குத்திக் கிடைக்காத குழந்தைக்கும் அது பெரிய துணை.

ஏற்கெனவே மூன்று முறை குத்திவிட்டார்கள். ரத்தம்தான் வந்தது. இப்போது என்ன செய்வது?

தயவுசெய்து நான்காவது முறைக்கு முன் ஸ்கேன் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்பதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஒருமுறை 40 நாள் குழந்தை ஒன்றுக்காக அழைத்தார்கள். மூன்று முயற்சி முடிந்திருந்தது. முதல் முறை ரத்தம், அடுத்த இரண்டிலும் ஒன்றுமே வரவில்லை. அம்மா அழுது முடித்து வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புரோப்பை வைத்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய இடம் முழுக்கச் சாம்பலாக இருந்தது. முதல் குத்தில் கசிந்த ரத்தம் நீர் இருந்த இடத்தை அமுக்கிவிட்டிருந்தது. அந்த இடத்தில் எத்தனை முறை குத்தினாலும் நீர் வராது, ஏனென்றால் அங்கே எடுப்பதற்கு நீரே இல்லை. ஊசியைக் கீழே வைத்தோம். ஆன்டிபயாட்டிக் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, அதைத் தொடர்ந்தார்கள். சில நாள் கழித்து மறுபடி பார்த்தபோது கறுப்பு திரும்பி வந்திருந்தது. அன்று ஒரே முயற்சியில் நீர் கிடைத்தது.

அந்த நடுக் குத்துகளைத் தவிர்த்திருக்கலாம். "இங்கே குத்தாதே" என்று ஸ்கேன் சொல்வதும் ஓர் உதவிதான். என் கணக்கில் அதுதான் முதல் உதவி.

மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம். ஸ்கேன் இயந்திரம் வரும்வரை காத்திருக்கலாமா?

வேண்டாம். அனுபவமுள்ள மருத்துவர் விரலால் தொட்டுப் போடுவது நல்ல முறைதான், நூறாண்டுக்கு மேலாக நடப்பதுதான். அதைவிட முக்கியம், நீர் எடுக்கத் தாமதமானால் அதற்காக ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் ஊசி மருந்து உடனே போக வேண்டும். ஸ்கேன் இல்லை என்பதற்காகக் கையெழுத்துப் போட மறுத்துவிடாதீர்கள்.

ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டா?

இல்லை. ஒலி அலைதான். ஜெல்லை மட்டும் கவனிக்க வேண்டும். குளிர்ந்த ஜெல் பச்சிளங்குழந்தையின் உடல்சூட்டைக் குறைக்கும். கிருமி நீக்கிய ஜெல்லைத்தான் பயன்படுத்த வேண்டும். ஊசி போடும் முன் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும், ஜெல் ஊசியோடு உள்ளே போகக் கூடாது.

குழந்தையின் முதுகின் அடியில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. ஊசி போடலாமா?

நல்ல கேள்வி. குளிப்பாட்டும் பாட்டிகள்தான் பெரும்பாலும் இதை முதலில் கண்டுபிடிப்பார்கள். புட்டத்தின் பிளவுக்குள், ஆசனவாயிலிருந்து 2.5 சென்டிமீட்டருக்குள், 5 மில்லிமீட்டருக்குச் சிறியதாக ஒரு குழி மட்டும் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. அதற்கு மேலே இருந்தாலோ, பெரிதாக இருந்தாலோ, முடிக்கொத்து, கொழுப்புக் கட்டி, சிவந்த மச்சம் ஏதாவது கூடவே இருந்தாலோ கட்டாயம் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

காரணம், சில குழந்தைகளுக்குத் தண்டுவடம் கீழே எங்காவது ஒட்டிக்கொண்டு, வழக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்கும். மேலே சொன்ன கணக்கெல்லாம் அந்தக் குழந்தைக்குப் பொருந்தாது. 4ஆவது எலும்புக்குப் பக்கத்திலும் தண்டுவடம் இருக்கலாம். ஊசிக்கு முன் ஸ்கேன் பார்த்தே தீர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கும் இடம் இது. ஊசி போடும் பேச்சே இல்லாவிட்டாலும், குழி சந்தேகமாக இருந்தால் 3 மாதத்துக்குள் காட்டிவிடுங்கள். பிறகு என்றால் எம்ஆர்ஐ தேவைப்படும், அதற்கு மயக்க மருந்தும் தேவைப்படலாம்.

குடலிறக்க ஆபரேஷனுக்கு வால் எலும்புப் பக்கம் ஊசி போடுவதாகச் சொன்னார்கள். அது என்ன?

வலி தெரியாமல் இருக்கப் போடுவது. குடலிறக்கம், விரை இறங்காமை, சுன்னத்து போன்ற இடுப்புக்குக் கீழான அறுவைகளுக்குக் குழந்தைகளுக்கு அதிகம் போடப்படும் மரத்துப்போகும் ஊசி இதுதான். வால் எலும்புக்குச் சற்று மேலே எலும்பில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது, அதன்மேல் ஒரு ஜவ்வு. புரோப்பைக் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கத்து எலும்பு முனைகளும் தவளையின் இரண்டு கண்கள் போலத் தெரியும். பயிற்சி மருத்துவர்களுக்கு "தவளையைத் தேடு" என்றுதான் சொல்லிக்கொடுப்போம். அந்தக் கண்களுக்கு நடுவே ஊசி போகும். மருந்து ஏறும்போது நீர்ப்பை, அதாவது முதுகு நீரைச் சுற்றியிருக்கும் உறை, லேசாக முன்னே தள்ளப்படுவது திரையில் தெரியும். தெரிந்தால் மருந்து சரியான இடத்தில் போகிறது என்று பொருள். தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும்.

கைக்குழந்தைகளுக்கு அந்த நீர்ப்பை பெரியவர்களைவிடத் தாழ்வாக, வாசலுக்குப் பக்கத்திலேயே முடியும். ஊசி சில மில்லிமீட்டர் கூடப் போனாலும் உள்ளே நுழைந்துவிடலாம். அந்தத் தூரத்தை முன்கூட்டியே அளந்துகொள்வது எனக்கு நிம்மதி தருகிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊசிக்குப் பிறகு 4 முதல் 6 மணி நேரம் வலி இருக்காது. அந்த நேரத்தில் சில குழந்தைகளுக்குக் கால் துவண்டு கிடக்கும். "கால் போச்சே" என்று பதற வேண்டாம், மருந்து இறங்கியதும் உதைக்க ஆரம்பித்துவிடும்.

குழந்தை மயக்கத்தில் இருக்கும்போது முதுகில் ஊசி போடுவது சரியா? வலித்தால் எப்படிச் சொல்லும்?

பெரியவர்களுக்கு விழித்திருக்கும்போது போடுவதே வழக்கம். குழந்தை விழித்திருந்தால் துள்ளும், துள்ளும் முதுகில் ஊசி போடுவதுதான் ஆபத்து. அமெரிக்காவில் பல குழந்தைகள் மருத்துவமனைகள் சேர்ந்து, முதுகிலும் உடம்பின் மற்ற இடங்களிலும் போட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரத்துப்போகும் ஊசிகளைப் பதிவுசெய்து 2018இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை மயக்கத்தில் போடப்பட்டவை. நிரந்தர நரம்புச் சேதம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

முழு மயக்கமே இல்லாமல், முதுகு ஊசியை மட்டும் வைத்து ஆபரேஷன் செய்ய முடியுமா?

சின்னக் குழந்தைகளுக்குச் சில அறுவைகளை அப்படிச் செய்ய முடியும். குறைமாதத்தில் பிறந்து, மூச்சு அடிக்கடி நின்றுபோகும் குழந்தைகளுக்கு இது நல்ல வழி. ஆனால் கைக்குழந்தையின் உடலில் முதுகு நீர் எடைக்கு ஏற்ப அதிகம் என்பதால் மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு மணி நேரம், அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம். மயக்க மருந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்குமோ என்று பயந்து இதைக் கேட்கிறீர்கள் என்றால் கொஞ்சம் ஆறுதலடையலாம். 722 கைக்குழந்தைகளை 7 நாடுகளில் சேர்த்து, பாதிப் பேருக்கு முழு மயக்கம், மீதிப் பேருக்கு மரத்துப்போகும் ஊசி என்று கொடுத்துப் பார்த்தார்கள். 5 வயதில் சோதித்தபோது அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை என்று 2019இல் முடிவு வந்தது. ஒரு மணி நேரத்துக்குட்பட்ட மயக்கத்துக்குத்தான் இந்த முடிவு.

வளர்ந்த குழந்தைக்குத் திரும்பத் திரும்ப முதுகில் மருந்து போட வேண்டியிருக்கிறது. அவர்களுக்கும் இது உதவுமா?

உதவும். முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவு நோய்க்கு நுசினெர்சென் என்ற மருந்து 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதல் இரண்டு மாதத்தில் 4 முறை, பிறகு 4 மாதத்துக்கு ஒருமுறை, முதுகு நீருக்குள்தான் போட வேண்டும். இந்தக் குழந்தைகளில் பலருக்கு முதுகு வளைந்திருக்கும். சிலருக்கு அதை நிமிர்த்தக் கம்பி பொருத்தியிருப்பார்கள். விரலால் தொட்டால் ஒன்றும் புரியாது. ஸ்கேன் வழியாகப் பக்கவாட்டில் ஓர் இடைவெளியைக் கண்டுபிடிக்க முடிந்தால், ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே கதிர்களுக்கோ சிடி ஸ்கேனுக்கோ குழந்தையை உட்படுத்த வேண்டாம்.

எங்கள் ஊர் மருத்துவமனையில் இது ஏன் இல்லை?

இயந்திரம் இருக்கும். வார்டுக்கு வருவதில்தான் சிரமம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துப் பெண் கருவை அழிப்பதைத் தடுக்க இந்தியாவில் 1994இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் இயந்திரமும் பதிவு செய்யப்பட வேண்டும். நினைத்த இடத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்தச் சட்டம் தேவையானது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி அறுவை அரங்குக்கும் பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கும் தனி இயந்திரம் பதிவு செய்யாமல் இருப்பது சரியல்ல. பதிவு செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது, செய்த மருத்துவமனைகளும் இருக்கின்றன.

நீரை எடுத்தால் வற்றிப்போகாதா?

வற்றாது. எடுப்பது ஒன்றிரண்டு மில்லிதான், சில பத்துச் சொட்டுகள். உடம்பு அதை இடைவிடாமல் ஊறவைத்துக்கொண்டே இருக்கிறது. சில மணி நேரத்துக்குள் ஈடாகிவிடும்.

வலியைக் குறைக்க என்ன செய்வீர்கள்? நாங்கள் பக்கத்தில் இருக்கலாமா?

நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் களிம்பைத் தடவி வைக்கலாம். பச்சிளங்குழந்தைக்கு நாக்கில் சில சொட்டு சர்க்கரைக் கரைசல் விட்டால் அழுகை நன்றாகக் குறையும். அம்மா தலைமாட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பார்க்க முடியாது, தலை சுற்றும் என்று தோன்றினால் வெளியே உட்காருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பால் எப்போது கொடுக்கலாம் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன் சில மணி நேரம் நிறுத்த வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

தலையணை இல்லாமல் நாள் முழுக்கப் படுக்கவைக்க வேண்டும் என்பார்கள். தேவையில்லை, தூக்கிக்கொள்ளலாம், பால் கொடுக்கலாம். ஊசி போட்ட இடத்தில் லேசான வீக்கமோ கன்றலோ ஒன்றிரண்டு நாள் இருக்கலாம். பெரிய குழந்தை உட்கார்ந்தால் தலை வலிக்கிறது, படுத்தால் சரியாகிறது என்று சொன்னால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த இடத்திலிருந்து நீர் கசிந்தாலோ, சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, குழந்தை ஒரு காலை மட்டும் அசைக்காமல் இருந்தாலோ, சிறுநீர் போகாமல் இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே, ராத்திரியானாலும், வந்துவிடுங்கள்.